தெற்குச் சுவரில் ஒரு சனிக்கிழமை

சென்னியப்பன் வீட்டுச் சாப்பாட்டு அறையின் தெற்குச் சுவரில் 1991-ஆம் வருடத்துச் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று மாட்டியிருந்தது. ஆறடிக்கு நாலடி. நாலு மூலையிலும் முடுக்கியிருந்தது.

அதில் நாலு பத்து முதல் நாலு நாற்பது வரை நடக்கும். பிறகு மறுபடி நாலு பத்து ஆகிவிடும். முப்பத்து மூன்று வருடமாக அப்படித்தான். கரண்ட் போனாலும் நிற்காது.

வீட்டுக்கு வருகிறவர்கள் காலண்டரைப் பார்ப்பதுபோல அதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். "மழை மோடமா இருக்குதே" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்தச் சாயங்காலத்தில் இதே வீட்டின் பின்கட்டு தெரியும். துவைக்கிற கல், முருங்கை மரம், கம்பிக் கேட்டு. சிவப்புக் குட்டி சைக்கிளில் ஆறு வயது கோகிலவாணி உட்கார்ந்திருப்பாள். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சப்போர்ட் சக்கரம். முப்பது வயதுச் சம்பூர்ணம் தரையில் மண்டியிட்டு, கட்டிங் பிளேயரால் அந்தச் சக்கரத்தின் நட்டைத் திருகிக்கொண்டிருப்பாள். பிளேயர் வழுக்கும். நட்டின் மூலைகள் மழுங்கும். குழந்தை கேட்டைப் பார்ப்பாள். அரை மணி நேரத்தில் பதினோரு தடவை பார்ப்பாள்.

சென்னியப்பன் அதில் இல்லை. அன்றைக்கு நாலு மணிக்கு வந்து சப்போர்ட் சக்கரங்களைக் கழற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். பம்பு கம்பெனியில் லோடு ஏற்றுகிற நாள். விடவில்லை. ஸ்பேனரும் அவருடைய ஷிப்டுப் பையிலேயே இருந்துவிட்டது. இரவு அவர் திரும்பி வந்தபோது சம்பூர்ணம் அந்த அரை மணி நேரத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்திருந்தாள்.

"என்னது இது?"

"நீங்க பாக்கோணும்னுதான்."

அவர் பார்த்தார். முதல் வருடம் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. ரிட்டயர் ஆன பிறகு தினமும் காப்பியோடு நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வார். சம்பூர்ணமும் பூண்டு உரித்தபடி பக்கத்தில் உட்காருவாள். "அந்தச் சேலை எங்க போச்சு?" என்பார். "பாத்திரக்காரனுக்குப் போட்டேனுங்க" என்பாள். இருவருக்கும் அந்தக் குழந்தையைப் பிடித்திருந்தது. அவள் வளர்ந்து ஓசூரில் ஏழாவது மாடியில் இருந்தாலும் பிடித்திருந்தது.

இப்போது அந்த ஏழாவது மாடிக்குத்தான் இருவரும் போகிறார்கள். வீட்டை ஐந்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைப்பு அலுவலகத்திலிருந்து தேவசகாயம் என்பவர் காலையிலேயே வந்துவிட்டார். நாற்காலிகள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. அதனால் அவர் சட்டைக் காலரைச் சுவரிலிருந்த ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டு, தரைக்கு அரையடி மேலே தொங்கியபடி எழுதினார். அவருடைய படிவத்தில் இரண்டே பத்திகள். கழற்ற முடிந்தவை. கழற்ற முடியாதவை.

"கழற்ற முடிஞ்சது உங்களுது. முடியாதது வீட்டோடது. அவ்வளவுதான் சட்டம்" என்றார்.

சென்னியப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. முப்பத்தோரு வருடம் அசெம்பிளியில் இருந்தவர். என்றைக்காவது திறக்க வேண்டியதற்குப் போல்ட்டு, திறக்கவே வேண்டாததற்கு ரிவெட் என்பது அவருக்கும் தெரியும்.

காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவுக் கீல்களிலிருந்து மர ஸ்க்ரூக்களை எடுத்தார். மின்விசிறி கொக்கியிலிருந்து ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவினார். விசிறி லாரிக்குப் போன பிறகும் காற்று கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டுத்தான் நின்றது.

வீட்டில் ஸ்க்ரூ குறையக் குறைய, அறைகளுக்கு நடுவிலிருந்த நடை தொளதொளவென்று ஆகி நீண்டது. காலையில் பதினாலு அடி. மதியம் நாற்பது. சம்பூர்ணம் சமையலறையில் போட்ட காப்பி, சாப்பாட்டு அறைக்கு வந்து சேரும்போது ஆறிப்போயிருந்தது.

"நடையில ஒரு சொம்பு தண்ணி வெச்சிருக்கறனுங்க. வழியில தாகம் எடுத்தாக் குடிச்சுக்கோங்க" என்றாள்.

தேவசகாயம் வாணலியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதன் கைப்பிடி ரிவெட் அடித்தது.

"கைப்பிடி கழறாது. வீட்டோடது."

"ஏனுங்க, கைப்பிடி வாணலியோடதானுங்க சேந்திருக்குது? வீட்டோட சேரலையே" என்றாள் சம்பூர்ணம்.

தேவசகாயம் யோசித்தார். "கைப்பிடி வாணலிக்குச் சொந்தம். வாணலி உங்களுக்குச் சொந்தம்" என்று எழுதினார். பிறகு நிமிராமல் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் எப்படிச் சேந்திருக்கீங்க?"

"நட்டு போல்ட்டுதானுங்க. நடுவுல வாஷர் எங்க மாமியாரு."

"இருக்காங்களா?"

"போயி பதினோரு வருசமாச்சுங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் லொடலொடன்னுதான் ஓடுது."

"கழற்ற முடியுமா?"

சம்பூர்ணம் கணவரைப் பார்த்தாள். "துருப் புடிச்சுப் போச்சுங்க. இனி எங்க கழர்றது."

தேவசகாயம் இரண்டாவது பத்தியில் எழுதப் போனார். சென்னியப்பன் அவசரமாக, "எழுதிப் போடாதீங்க சார். அப்புறம் நாங்களும் வீட்டோட சேந்திருவோம்" என்றார். தேவசகாயம் அந்த வரியை மட்டும் காலியாக விட்டார்.

கடைசியாக மிச்சமிருந்தது தெற்குச் சுவர். மணி நாலு.

சம்பூர்ணம் அன்றைக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு மாட்டியிருந்தாள். மேலே இடதுபக்கம் சுவரில் மரக்கட்டை அடித்து, அதில் மர ஸ்க்ரூ. அது சாதாரணமாகக் கழன்றது. மேலே வலதுபக்கம் உருண்டைத் தலைக் கேரியேஜ் போல்ட்டு. அதற்கு மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டியிருந்தது. கீழே இடதுபக்க ஸ்க்ரூவின் தலை வழவழவென்று தேய்ந்திருந்தது. திருப்புளி நிற்கவில்லை. சென்னியப்பன் ஆக்ஸா பிளேடால் தலையில் புதிதாக ஒரு கோடு அறுத்து, திருப்புளியை அதில் வைத்து அழுத்தித் திருப்பினார். வந்துவிட்டது.

"நல்ல கை" என்றார் தேவசகாயம் ஆணியிலிருந்து.

கீழே வலதுபக்கம் அரை இன்ச் போல்ட்டு. சென்னியப்பன் ஸ்பேனரை வைத்துத் திருப்பினார். திரும்பியது. இன்னும் திருப்பினார். திரும்பிக்கொண்டே இருந்தது. வெளியே மட்டும் வரவில்லை.

"சுத்துது" என்றார். "நட்டு எங்க இருக்குது?"

"உள்ள" என்றாள் சம்பூர்ணம்.

அவர் குனிந்து பார்த்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அந்தச் சாயங்காலத்துக்குள்ளே, நட்டு தெரிந்தது. மழை மோடத்தின் வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது.

"ஏன் அம்மிணி உள்ள வெச்சே?"

"வெளிய வெச்சாக் கழட்டிப் பாப்பீங்கன்னுதான். நீங்க எதைத்தான் கழட்டிப் பாக்காம விட்டீங்க? ரேடியோவைக் கழட்டுனீங்க. எங்கண்ணன் வாங்கிக் குடுத்த மிக்ஸியைக் கழட்டுனீங்க. கோவத்துல மாட்டுனதுங்க. நீங்க கழட்டக் கூடாதுன்னே உள்ள வெச்சு முடுக்குனேன்."

தேவசகாயம் பேனாவை நிறுத்தினார். "உள்ளேயிருந்து முடுக்கிட்டு எப்படிம்மா வெளிய வந்தீங்க?"

"சோத்துக்கு வெக்கோணுமே. வந்துட்டேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள வந்தா உங்களுது. வரலைன்னா வீட்டோடது. வீட்டை நாளைக்கு இடிக்கிறாங்க."

இந்த மாதிரிப் போல்ட்டுக்கு ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் உள்ளே நட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே தலையைத் திருப்ப வேண்டும். பிடிக்க ஆளில்லாவிட்டால் நாள் முழுவதும் திருப்பினாலும் இரண்டும் சேர்ந்தே சுற்றும். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது அது.

"நான் போயிப் புடிக்கட்டுங்களா?" என்றாள் சம்பூர்ணம்.

"நீதான் ஏற்கெனவே உள்ள இருக்கறயே."

"ஆமா. ரெண்டு பேரு ஆயிருவோம்."

அவர் அந்தச் சாயங்காலத்தைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்தில் உள்ளே போகலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் இல்லாத சாயங்காலம் அது. இல்லாத இடத்துக்குள் எப்படிப் போவது?

"நான் போறேன். நீ இங்கிருந்து திருப்பு" என்றார்.

மற்ற ஸ்பேனர்கள் லாரியில் இருந்தன. கையில் இரண்டுதான். ஒன்றைச் சம்பூர்ணத்திடம் கொடுத்தார். வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனரைத் தான் எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைச் சுவரோரம் கழற்றி விட்டு, காலைத் தூக்கி உள்ளே வைத்தார். மண் ஈரமாக இருந்தது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பேனரின் வாயை நட்டின் அளவுக்குக் கூட்டி, இறுக்கிப் பிடித்தார்.

"புடிச்சிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து சம்பூர்ணம் கேட்டாள்.

"புடிச்சிட்டேன். திருப்பு."

அவள் திருப்பினாள். இப்போது போல்ட்டு மட்டும் திரும்பியது. பழைய மரை கிறீச்சென்றது. ஒரு சுற்று வந்தது.

அப்போது குழந்தை கேட்டைப் பார்த்தாள். கேட்டில் யாரும் இல்லை. திரும்பித் துவைக்கிற கல்லைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா இங்க உக்காந்துட்டிருக்குது."

முப்பது வயதுச் சம்பூர்ணம் பிளேயரோடு நிமிர்ந்தாள். நெற்றியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அவள் கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுதான் நாலு மணியா உங்களுக்கு?"

"லோடு ஏத்த வேண்டியிருந்துச்சு அம்மிணி."

"தலை ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"ஷிப்டு கொஞ்சம் நீண்டு போச்சு."

அவள் அதை நம்பினாள். கம்பெனி அப்படிப்பட்டதுதான். "அங்க என்னத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க? இங்க வாங்க. இந்த நட்டு என்னால ஆகல. எல்லா மூலையும் போச்சு."

"இதை விட முடியாது. புடிச்சுட்டிருக்கோணும்."

"எதுக்கு?"

சென்னியப்பன் நட்டைப் பார்த்தார். வெளியே இன்னொரு சம்பூர்ணம் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்று வந்தது. இன்னும் ஏழெட்டுச் சுற்று. பிறகு இந்தச் சாயங்காலம் கழன்று வந்துவிடும். பழைய போர்வையில் சுற்றி ஓசூருக்குக் கொண்டுபோகலாம். ஏழாவது மாடியில் மாட்டலாம். தினமும் காப்பியோடு எதிரே உட்காரலாம். குழந்தை பதினோரு தடவை கேட்டைப் பார்ப்பாள்.

குழந்தை சைக்கிளை விட்டு இறங்கி வந்தாள். அவருடைய கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள்.

"அந்த ஸ்பேனரு என் சைக்கிளுக்குச் சேருமாப்பா?"

"சேரும். எல்லாத்துக்கும் சேரும்."

"அப்ப வா."

அவர் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தார்.

வெளியே சம்பூர்ணத்தின் கையில் போல்ட்டு மறுபடியும் சும்மா சுற்றியது. "சுத்துதுங்க. புடிங்க" என்றாள்.

"கொஞ்சம் இரு."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். கணவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஸ்பேனரின் வாயைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். மழுங்கிய நட்டை ஒரு பக்கமாகக் கவ்விப் பிடித்து, ஒரே மூச்சில் திருப்பினார். நட்டு கழன்றது. அவளே, முப்பது வயதில், நெற்றியில் கிரீஸோடு பக்கத்தில் நின்று, "ம்க்கும், நான் லூஸ் பண்ணி வெச்சதை வந்து கழட்டிட்டு" என்றாள்.

"மணி நாலு நாப்பத்தொண்ணு" என்றார் தேவசகாயம் ஆணியிலிருந்து எட்டிப் பார்த்து. "இது திரும்பவும் நாலு பத்து ஆகணுமே?"

ஆகவில்லை. சுவரில் முதல் முறையாக நாலு நாற்பத்தொன்று ஆகியிருந்தது. பிறகு நாற்பத்திரண்டு. முருங்கை இலை ஒன்று உதிர்ந்து கேட்டைத் தாண்டிப் பறந்தது. முப்பத்து மூன்று வருடமாக அந்தரத்தில் நின்றிருந்த மழைத்துளி ஒன்று துவைக்கிற கல்லின்மேல் விழுந்தது.

சம்பூர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. ஆள் வந்துவிட்டால் சாயங்காலம் நிற்காது. எல்லாச் சாயங்காலத்தையும் போல ஓடித் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் மாட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அவள் சத்தமாகக் கூப்பிட்டால் அவர் திரும்பி வந்து நட்டைப் பிடிப்பார். அவர் அப்படிப்பட்ட மனுஷன்தான். கூப்பிட்டால் வருவார்.

"கால் மணி நேரம்தான் இருக்கும்மா" என்றார் தேவசகாயம். "கூப்பிடுங்க. இல்லைன்னா இது வீட்டோடது."

சம்பூர்ணம் ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். "கழட்ட முடியாதுன்னு எழுதிக்கோங்க."

"முயற்சி பண்ணலையே?"

"முப்பத்து மூணு வருசமா அதையேதானுங்க பண்ணிட்டிருந்தோம்."

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இந்தப் பகுதியை அவள் பார்த்ததில்லை. அவர் இரண்டு சப்போர்ட் சக்கரங்களையும் எடுத்துத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். குழந்தை ஏறி உட்கார்ந்தாள். அவர் ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டார்.

"விட்றாதப்பா."

"விடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பின்கட்டு மொத்தமே இருபதடி நீளம்தான். ஆனால் சைக்கிள் உருள ஆரம்பித்ததும் அதுவும் நடையைப்போல நீண்டுகொண்டே போனது. முருங்கை மரம் தள்ளித் தள்ளிப் போனது. சென்னியப்பன் வேட்டியோடு ஓடினார். அறுபத்து நாலு வயது. மூச்சு வாங்கியது. மழை பிடித்துக்கொண்டது. இளைய சம்பூர்ணம், "பையப் போங்க" என்று கத்தினாள். மூத்த சம்பூர்ணம் வெளியே உட்கார்ந்தபடி அதையே மெதுவாகச் சொன்னாள்.

எங்கேயோ ஓர் இடத்தில் அவர் பின்னால் தங்கிவிட்டார். குழந்தை போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு முருங்கை மரத்தடியில் ஏதோ சத்தம் கேட்டது. ஓர் அழுகை கேட்டது. அதற்குப் பிறகு சிரிப்பு. சாயங்காலம் இருட்டியது. யாரோ உள்ளே விளக்குப் போட்டார்கள். மேலே ஓரத்திலிருந்து சுவர் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது.

ஐந்தாக ஒரு நிமிடம் இருக்கும்போது சென்னியப்பன் காலைத் தூக்கி வெளியே வைத்தார். தலை நனைந்திருந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர் இருந்தது. போல்ட்டு தானாகவே கழன்று தரையில் விழுந்து கொஞ்ச தூரம் உருண்டது.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் சம்பூர்ணம்.

"முடிஞ்சுது."

"என்ன திங்கறீங்க?"

"பஜ்ஜி. நீதான் போட்டுக் குடுத்தே." அவர் மென்று விழுங்கினார். "ரெண்டுதான் குடுத்தே."

தேவசகாயம் படிவத்தில், தெற்குச் சுவர், காலி என்று எழுதினார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். சென்னியப்பன் அவரை ஆணியிலிருந்து இறக்கிவிடப் போனார்.

"வேண்டாம் சார். காலர் மாட்டிக்கிச்சு. என்னைக் கழற்ற முடியாத பத்தியில எழுதிட்டேன். நீங்க கிளம்புங்க" என்றார்.

"நாளைக்கு இடிப்பாங்களே?"

"பத்து மணிக்கு மேலதான் வருவாங்க."

இருவரும் நடை வழியாக வெளியே வந்தார்கள். கால்மணி நேரம் ஆனது. வழியில் சொம்புத் தண்ணீரைக் குடித்தார்கள்.

லாரியின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் சம்பூர்ணம், ஓரத்தில் சென்னியப்பன். வாணலி அவளுடைய மடியில் இருந்தது. வண்டி கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் போன் அடித்தது. கோகிலவாணி. சம்பூர்ணம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கெளம்பிட்டீங்களா? சுவத்துல இருந்ததைப் பத்தரமா எடுத்தீங்களாம்மா?"

"எடுக்க முடியல கண்ணு. தீந்து போச்சு."

சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கோகிலவாணிக்கு எட்டு வயதானபோதும், கல்லூரிக்குப் போனபோதும், கல்யாணப் பந்தலிலும், ஏதாவது சண்டை வந்தால் அவள் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: அன்னைக்கு நீங்க வரலை. இப்போதும் அதைத்தான் சொல்வாள் என்று காத்திருந்தார்.

"அப்பா இருக்காரா?"

"இருக்கறேன் கண்ணு."

"நான் இன்னைக்கு எம்பையனுக்குச் சைக்கிள் பழக்கிட்டிருந்தேன். ஒரு விசயம் ரொம்ப நாளாக் கேக்கோணும்னு. நீங்க அன்னைக்குச் சத்தியம் பண்ணிட்டு ஏம்ப்பா சீட்டை விட்டீங்க? முருங்கை மரத்துல போய் விழுந்தனே. முட்டியில இன்னமும் தழும்பு இருக்குது. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூடக் கேட்டாங்க. எதைச் செஞ்சாலும் பாதியில கையை விட்டுருவீங்க நீங்க."

சம்பூர்ணம் வாணலிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கியரை மாற்றினான்.

"அது மட்டுமில்லை," என்றாள் கோகிலவாணி, "நான் கீழ விழுந்து அழறேன், நீங்க நின்னுட்டு சிரிக்கறீங்க."

"சிரிச்சேன்" என்றார் சென்னியப்பன்.

"ஒத்துக்கறீங்கல்ல?"

"ஒத்துக்கறேன் கண்ணு. விட்டதும் நான்தான், சிரிச்சதும் நான்தான். நீ நல்லாத் திட்டு."

அவள் அவினாசி தாண்டும் வரை திட்டினாள்.